பெங்களூரு வீதிகளில் வேகம்: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து பழைய மெட்ராஸ் சாலைக்கு நடந்துபோக 3 நிமிடம் ஆகும். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகள், மகனுக்குப் புதிதாக பைக் வாங்கிக் கொடுத்த பெற்றோர்கள், ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் நண்பர்கள் ஆகியோர் வண்டியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் காவல்துறையைச் சேர்ந்தவனும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். இந்த ஊரில் நீண்ட காலம் ஓட்டியவன், நீண்ட காலம் நடந்தவன், வேகத்தால் நேர்ந்த இழப்புகளை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பெங்களூரில் வண்டி நகர்வதே பெரும்பாடு. இங்கே போய் வேகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

கேள்வியில் நியாயம் உண்டு. உலக நகரங்களின் போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் 10 விநாடி ஆனது. மணிக்கு 21 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நின்று கிடந்த நேரத்தையும் சீறிப் பாய்ந்த நேரத்தையும் ஒன்றாகக் கலந்து எடுத்த எண் அது. சில்க் போர்டு சந்திப்பில் கால் மணி நேரம் நின்றவர், வெளிவட்டச் சாலையில் 300 மீட்டர் காலியாகக் கிடைத்ததும், இழந்த கால் மணி நேரத்தை அந்த 300 மீட்டரிலேயே மீட்டுவிடப் பார்க்கிறார். நெரிசல்தான் இந்த ஊரின் வேகத்துக்குத் தாய் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இரவு பத்தரை மணிக்கு மேல், பகலெல்லாம் ஊர்ந்த அதே சாலைகள் பந்தயத் தடம்போல ஆகிவிடுகின்றன.

அதே 2023-இல் இந்நகரின் சாலைகளில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர்ந்து செல்லும் வண்டி பம்பரை நசுக்கும், பக்கவாட்டுக் கண்ணாடியை உடைக்கும். உயிரை எடுப்பது அரிது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 71.2 சதவீதத்தினரின் மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை பதிவு செய்தது. விபத்தைப் பதிவு செய்யும்போது 'அதிவேகம்' என்று எழுதிவிடுவது எளிது என்பதையும், அப்படி எழுதும்போது சாலையின் குழியும் எரியாத தெருவிளக்கும் கணக்கிலிருந்து நழுவிவிடக்கூடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. அவற்றுக்கு உரிய பங்கைக் கழித்தாலும் மிஞ்சுவது சிறிய எண்ணாக இருக்காது.

ஊருக்குள் சட்டப்படி எவ்வளவு வேகம் போகலாம்?

மத்திய அரசு 2018 ஏப்ரல் 6 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி, நகராட்சி எல்லைக்குள் கார்களுக்கு 70, மோட்டார் சைக்கிளுக்கும் சரக்கு வாகனத்துக்கும் 60, ஆட்டோவுக்கு 50 கிலோமீட்டர் என்பது உச்ச வரம்பு. அதற்கும் குறைவாக நிர்ணயிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதால், பள்ளி, மருத்துவமனை, மேம்பாலத்தின் வளைவு போன்ற இடங்களில் பலகை என்ன சொல்கிறதோ அதுவே வரம்பு.

இந்த 70 என்ற எண்ணைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அதைத் தாண்டக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர, அந்த வேகத்தில் போகலாம் என்று எல்லாச் சாலைக்கும் உறுதி கொடுக்கவில்லை. சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் பக்கம் 30 கூட அதிகம். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் தெருக்களில் 30-ஐத் தாண்டக்கூடாது என்பதே உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் மாநாட்டுப் பிரகடனமும் அதையே சொன்னது.

சின்னக் குழந்தையை பைக்கில் ஏற்றிச் செல்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. 2023 பிப்ரவரி 15 முதல், 4 வயதுக்கு உட்பட்ட குழந்தை பின்னால் இருந்தால் வண்டி 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. குழந்தையை ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்கு அளவான ஹெல்மெட்டும் கட்டாயம்.

40-க்கும் 60-க்கும் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கில் பதிவதற்கு ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். களைப்போ கைப்பேசியோ சேர்ந்தால் இன்னும் கூடும். அந்த ஒரு விநாடியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 11 மீட்டரைத் தாண்டியிருக்கும். 60-இல் செல்லும் கார் கிட்டத்தட்ட 17 மீட்டரைத் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். காய்ந்த சாலையில், நல்ல டயரும் நல்ல பிரேக்கும் உள்ள காருக்கு, 40-இல் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 20 மீட்டர், 60-இல் ஏறத்தாழ 37 மீட்டர், 80-இல் 57 அல்லது 58 மீட்டர். இந்தக் கடைசித் தூரத்தில் பெங்களூரு நகரப் பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய ஐந்து நிற்கும்.

இப்போது, 20 மீட்டருக்கு முன்னால் நின்றிருந்த வேனுக்குப் பின்புறமிருந்து ஒரு பள்ளிச் சிறுமி சாலைக்குள் இறங்குகிறாள் என்று நினைத்துப் பாருங்கள். 40-இல் வந்த கார் அவளை ஒட்டிப் போய் நின்றுவிடுகிறது. அவள் பயந்து அழுதுகொண்டே வீட்டுக்குப் போகிறாள். 60-இல் வந்த கார் நிற்காதுதான், ஆனால் வேகம் குறைந்து மெதுவாகத்தான் இடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொய். அந்த 20 மீட்டரில் 17 மீட்டர் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே கரைந்துவிட்டது. மிச்சம் 3 மீட்டர் மட்டுமே பிரேக் பிடிக்கிறது. அந்தக் கார் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் வேகத்தில் அவள்மேல் மோதுகிறது. நான்கு தளங்கள் கொண்ட கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்து தரையில் விழும்போது உடல் எந்த வேகத்தில் தரையைத் தொடுமோ, கிட்டத்தட்ட அதே வேகம் அது. இருவருமே பிரேக் போட்டார்கள். இருவருமே ஒரே கணத்தில்தான் அவளைப் பார்த்தார்கள்.

கார் மோதும் வேகம் 50-இலிருந்து 65-ஆக உயர்ந்தால், நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால், உயிர்ப்பலி வாங்கும் விபத்துகள் 4 சதவீதம் கூடுகின்றன என்பதும் அதே அமைப்பு சொல்லும் கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் திடீரென்று பெய்யும் முதல் மழையின்போது, பல மாதங்களாகச் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கலாகிவிடுவதால், நான் சொன்ன தூரங்கள் எல்லாம் இன்னும் நீளும்.

நான் இருபது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல்கூட இல்லை. வண்டி என் கட்டுப்பாட்டில் இருக்கும்போது வேகம் எப்படித் தவறாகும்?

உங்கள் திறமையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் உங்கள் வேகத்தைக் கணிக்க வேண்டியவர் நீங்கள் மட்டும் இல்லை. சாலையைக் கடக்க ஓரத்தில் நிற்பவரும் அதைக் கணித்தாக வேண்டும்.

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு விடியற்காலையில் பூ கொண்டுவரும் ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். எழுபதைத் தாண்டியவர். தலையில் கூடை, ஒரு கையால் அதைப் பிடித்திருப்பார், மறு கையால் சேலைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்திருப்பார். சாலையில் கால் வைக்கும் முன் நின்று வலது பக்கம் வெகுநேரம் பார்ப்பார். அவர் பார்ப்பது தூரத்தை. 150 மீட்டருக்கு அப்பால் ஒரு பைக்கின் விளக்கு தெரிந்தால், இத்தனை வருட அனுபவத்தில், கடந்துவிடலாம் என்று முடிவு செய்து இறங்கிவிடுவார். 10 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அவருடைய நடைக்குச் சுமார் 12 விநாடி தேவைப்படுகிறது. பைக் 40-இல் வந்தால் அவரிடம் வந்து சேர 13 விநாடிக்கு மேல் ஆகும். பாட்டி நடைபாதையில் ஏறியிருப்பார். 70-இல் வந்தால் 8 விநாடிக்குள் வந்துவிடும். பாட்டி அப்போது சாலையின் நடுப்பகுதியைத் தாண்டி, ஓடவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நிற்பார்.

ஒற்றை விளக்கு தன்னை நோக்கி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை மனிதக் கண்ணால் சரியாக அளக்க முடியாது. முதுமையில் இன்னும் கடினம். ஒருநாள் அவர் அப்படி நடுவில் மாட்டிக்கொண்டதை நான் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தேன். பைக் ஓட்டிய இளைஞன் உண்மையிலேயே திறமைசாலி. அவரை ஒரு முழம் இடைவெளியில் வளைத்துக் கடந்து போய்விட்டான். தன் கட்டுப்பாட்டில்தான் எல்லாம் இருந்தது என்று அவன் நினைத்திருப்பான். கூடை விழுந்து சாமந்தி சாலையெங்கும் சிதறியது. அவர் அதை அள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

வேகமாகப் போனால் நேரம் மிச்சமாகிறதே?

10 கிலோமீட்டர் பயணத்தில், தடையில்லாமல் ஓட்டக் கிடைக்கும் தூரம் 4 கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதை 40-இல் கடக்க 6 நிமிடம், 60-இல் கடக்க 4 நிமிடம். மிச்சம் 2 நிமிடம். அடுத்த பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தால் அதுவும் போயிற்று. உங்களை முந்திக்கொண்டு போனவரை அடுத்த சிக்னலில் உங்கள் பக்கத்திலேயே பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்கும்.

ஊருக்குப் போய்விட்டு வாரக் கடைசி முடிந்து காரில் திரும்புகிறோம். அந்தப் பயணத்தில் குறிப்பாக எதைக் கவனிக்க வேண்டும்?

பெங்களூருத் தமிழர்களுக்கென்றே உள்ள ஆபத்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், நான் இதைத்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை இரவு ஓசூர் சாலை வழியாகச் சேலத்துக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் கிளம்பும் கார்கள், திங்கட்கிழமை விடியலில் திரும்பி வருகின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்துக்கும் மேலாக 90, 100 என்று ஓட்டி வந்தவருடைய கண்ணும் காதும் அந்த வேகத்துக்குப் பழகிவிடுகின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டிக் காலைச் சற்றுத் தளர்த்தியதுமே வண்டி நின்றுவிட்டதுபோல ஒரு பிரமை ஏற்படும். 75-இல் போய்க்கொண்டிருப்போம், 40-இல் போவதாகத் தோன்றும். சந்தாபுரத்திலும் பொம்மசந்திராவிலும் அந்த நேரத்தில் ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் டிவைடரைத் தாண்டிச் சாலையைக் கடந்துகொண்டிருப்பார்கள். தூக்கமில்லாத ஓட்டுநரும் தூக்கமில்லாத தொழிலாளியும் ஒருவரையொருவர் சந்திக்கும் இடம் அது.

எனக்கே இது நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன், தர்மபுரியில் ஒரு காரியத்துக்குப் போய்விட்டு அம்மாவுடன் விடியற்காலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி, பொம்மனஹள்ளிப் பக்கம் இறங்கும்போது, ஊருக்குள் வந்துவிட்டோம் என்று வேகத்தைக் குறைத்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "தம்பி, ஊருக்குள்ள வந்துட்டோம்பா" என்றார். குறைத்துவிட்டேனே அம்மா என்று சொல்லிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். முள் 78-இல் நின்றது. பால் பாக்கெட் டிரேக்களை ஏற்றிய டெம்போ ஒன்று ஓரத்தில் நின்றிருந்தது. அதை ஒட்டி ஒரு பையன் குனிந்து டிரேயை இழுத்துக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிய பிறகுதான் என் கால் பிரேக்குக்கே போனது. அவன் அரை அடி பின்னால் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைக்காமல் அந்த இடத்தைக் கடக்க முடிவதில்லை.

ஆகவே, நெடுஞ்சாலையிலிருந்து நகருக்குள் நுழையும்போது உங்கள் உணர்வை நம்பாதீர்கள். மீட்டரை வாய்விட்டுப் படியுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஓசூரிலோ அத்திப்பள்ளியிலோ வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு டீ குடித்து, 10 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி வரும். ஆனால் நகருக்குள் 80-க்கு வெகு கீழேயே ஆபத்து தொடங்கிவிடுவதால், ஒலி கேட்கவில்லையே என்று தைரியமாக இருக்க முடியாது.

நள்ளிரவில் சாலை காலியாக இருக்கிறது. அப்போதாவது கொஞ்சம் வேகமாகப் போகலாமே?

காலியாகத் தெரியும் சாலையில், தெரியாமல் இருப்பவர்கள் உண்டு: இருட்டில் கறுப்புச் சட்டையோடு கடப்பவர், விளக்கில்லாத தள்ளுவண்டி, படுத்திருக்கும் மாடு, நேற்றுவரை இல்லாத குழி. யாருமே இல்லாவிட்டாலும் கம்பமும் சுவரும் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 31 அன்று அதிகாலை ஒன்றரை மணி கடந்த நேரத்தில், கோரமங்கலாவில் அதிவேகமாக வந்த ஒரு சொகுசுக் கார் நடைபாதையில் ஏறி மோதியதில், உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். எல்லோரும் இளையவர்கள். அவர்களுள் ஓசூரைச் சேர்ந்தவரும் இருந்தார். யாரும் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. அந்தக் காலையில் ஓசூரும் பெங்களூரும் சேர்ந்து அழுதன. எத்தனை விலை கொடுத்து வாங்கிய காராக இருந்தாலும் அது தாங்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு; பெல்ட் அணியாத உடலைக் காற்றுப்பை மட்டும் காப்பாற்றிவிடாது.

நகரின் புறத்தே செல்லும் சுங்கச் சாலையான நைஸ் சாலையில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை இருசக்கர வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான்.

வேகமாகப் போனால் அபராதம் எவ்வளவு? பிடிபட்டது எப்படித் தெரியவரும்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவின்படி, கார், பைக் போன்ற இலகு வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், லாரி, பேருந்து போன்றவற்றுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். மறுபடியும் பிடிபட்டால் ஓட்டுநர் உரிமத்தைப் பறிமுதல் செய்ய இடமுண்டு. ஓட்டிய விதமே ஆபத்தானது என்று கருதினால் 184-ஆம் பிரிவு வரும். முதல் தடவைக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2024 ஆகஸ்ட் 1 முதல், கர்நாடகத்தில் எந்தச் சாலையிலும் 130 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டினால் அபராதத்தோடு விடாமல் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வோம் என்று மாநிலக் காவல்துறை அறிவித்தது.

யாரும் கைகாட்டி நிறுத்தாததால் தப்பித்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். 2022 டிசம்பரில் நகரின் 50 சந்திப்புகளில் வண்டி எண்ணைத் தானாகப் படிக்கும் 250 கேமராக்களும், சிவப்பு விளக்கைத் தாண்டுபவர்களைப் படம் பிடிக்கும் 80 கேமராக்களும் செயல்பாட்டுக்கு வந்தன. சலான், பதிவில் உள்ள கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வரும். தமிழ்நாட்டுப் பதிவெண் என்பதால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. பதிவு விவரங்கள் நாடு முழுவதற்கும் ஒரே தளத்தில் இருக்கின்றன. பதிவில் அப்பாவின் பழைய எண் இருந்தால் செய்தி உங்களுக்கு வராது, ஆனால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். போக்குவரத்துக் காவல்துறையின் இணையதளத்திலோ, பெங்களூரு ஒன் என்ற அரசுச் சேவை மையத்திலோ பார்த்துக் கட்டிவிடலாம்.

2023 பிப்ரவரியில் நிலுவை அபராதத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தபோது, சில நாட்களுக்குள் 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. அரசுக்கு அது வருமானம். ஆனால் அடுத்த தள்ளுபடி வரும்வரை காத்திருக்கலாம் என்ற எண்ணத்தை அது மக்களிடம் விதைத்துவிட்டது என்பது என் வருத்தம்.

வேகத்தால் ஒருவர் இறந்துவிட்டால் ஓட்டியவருக்கு என்ன ஆகும்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. யாருக்கும் அடிபடாவிட்டாலும், பிறர் உயிருக்கு ஆபத்து விளையும் வகையில் பொதுச் சாலையில் ஓட்டியதற்காகவே 281-ஆம் பிரிவின்கீழ் 6 மாதம் வரை சிறை உண்டு. வெளிநாட்டு வேலைக்கோ அரசு வேலைக்கோ முயலும் இளைஞர்களுக்கு, வழக்கு நிலுவையில் இருப்பதே பெரிய தடையாகிவிடும்.

என் பையனுக்குப் பதினாறு வயது. டியூஷனுக்கு மட்டும் ஸ்கூட்டரில் போய்வருகிறான். பக்கத்துத் தெருதானே?

கொடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம், உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்ற காரணத்தால் அந்தத் தொகையை உங்களிடமே வசூலிக்க முடியும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அவன் அந்தப் பக்கத்துத் தெருவோடு நிற்க மாட்டான். பின்சீட்டில் ஒரு நண்பன் ஏறியதும் அவனுடைய வேகம் உங்கள் கண் முன்னால் ஓட்டிய வேகமாக இருக்காது.

என் தம்பி டெலிவரி வேலை பார்க்கிறான். மெதுவாகப் போனால் சம்பாதிக்க முடியாது என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. எத்தனை ஆர்டர் முடித்தான் என்பதை வைத்தே கூலியும் ஊக்கத்தொகையும் வரும் வேலையில், வேகத்தைத் தேர்ந்தெடுப்பவன் அவன் மட்டும் அல்லன். பத்து நிமிடத்தில் வரவில்லையே என்று போன் செய்யும் நாமும்தான். நான் என் வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஆர்டர் போட்டதும், "அவசரம் இல்லை தம்பி, மெதுவாக வாருங்கள்" என்று செய்தி அனுப்பிவிடுவேன். மழை நாளில் ஆர்டர் போடுவதே இல்லை.

அவனிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. நகருக்குள் அவன் நேரத்தை விழுங்குபவை பெரும்பாலும் கடையில் காத்திருப்பதும், அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் பதிவு செய்வதும், லிஃப்டும், வீட்டைத் தேடுவதும்தான். சாலையில் கூடுதலாக 20 கிலோமீட்டர் வேகம் கொடுத்து அவன் மீட்பது ஓர் ஆர்டருக்கு ஒரு நிமிடம் இருக்கலாம். கால் முறிந்தால் 3 மாதம் வருமானம் போய்விடும். ஒன்வேயில் எதிர்த்து வருவதை மட்டுமாவது விட்டுவிடச் சொல்லுங்கள். எதிர்த்திசையில் வரும்போது இரண்டு வண்டிகளின் வேகமும் கூட்டலாகி அவனை நெருங்குகிறது.

கேப் அல்லது ஆட்டோ ஓட்டுநர் மிக வேகமாகப் போகிறார். எப்படிச் சொல்வது?

மரியாதையாக, உடனே சொல்லுங்கள். அவருக்குக் கன்னடம்தான் என்றால், "ஸ்வல்ப நிதானவாகி ஹோகி, நமகே அவசர இல்லா" என்றால் போதும். கொஞ்சம் மெதுவாகப் போங்கள், நமக்கு அவசரம் இல்லை என்று பொருள். பெரும்பாலானோர் பயணிக்கு அவசரம் என்று நினைத்தே விரட்டுகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் அவர்களே நிம்மதி அடைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படியும் குறைக்காவிட்டால், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுங்கள்.

சரியான வேகத்தில் போனாலும் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து விரட்டுகிறார்களே?

இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். மெதுவாகப் போகிறவர் வலது ஓரத்தில் போவதும் தவறுதான். ஹாரனுக்குப் பயந்து வேகத்தைக் கூட்ட மட்டும் வேண்டாம்.

கண்ணெதிரே விபத்து நடந்தால் உதவலாமா? போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமா?

தயங்காமல் உதவுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு எதுவும் வராதபடி பாதுகாக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐயோ 112-ஐயோ அழையுங்கள். தலையில் அடிபட்டவரைத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பது கழுத்தெலும்புக்கு ஆபத்து என்பதால், ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல், இரத்தம் வழியும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்திருங்கள். பணம் கட்டினால்தான் சிகிச்சை என்ற பயமும் வேண்டாம். 2025 மே 5 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவர் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் 7 நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால், இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு.

எங்கள் தெருவில் வண்டிகள் பறக்கின்றன. வேகத்தடை போடச் சொல்லலாமா?

கேட்கலாம், ஆனால் சரியான வேகத்தடையாகக் கேளுங்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி, பொதுப் போக்குவரத்து உள்ள தெருவில் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் வண்டி குலுங்காதபடி வட்டமாக ஏறி இறங்க வேண்டும். முன்னதாக எச்சரிக்கைப் பலகையும், மேலே வண்ணக் கோடும் வேண்டும். நம் தெருக்களில் பெரும்பாலும் காண்பது ஒரு முழ அகலத்தில் தார் கொட்டி வைத்த மேடு. அதில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் படும் பாட்டைச் சொல்லி மாளாது. இரவில் தெரியாமல் ஏறும் பைக்காரருக்கு அதுவே விபத்து. வேகத்தடையைவிட நல்லது சாலையின் அமைப்பை மாற்றுவது. ரெசிடென்சி சாலையிலும் செயின்ட் மார்க்ஸ் சாலையிலும் செய்ததுபோல நடைபாதையை அகலமாக்கி, வண்டிகள் செல்லும் தடத்தைச் சீராக்கினால், ஓட்டுபவரின் வேகம் தானாகவே மட்டுப்படும்.

2025 செப்டம்பர் முதல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், முதலில் உங்கள் தெரு எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனுவை மாநகராட்சிக்கும், அதன் நகலை உங்கள் பகுதிப் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கும் கொடுங்கள். கன்னடத்தில் எழுதிக் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள், அவர்கள் பிள்ளைகளும் அதே தெருவில்தான் விளையாடுகிறார்கள். காலை 8 மணி முதல் 9 மணி வரை எத்தனை பள்ளிப் பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று மூன்று நாள் எண்ணி, அந்த எண்ணிக்கையையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஐந்து மாத அலைச்சலுக்குப் பிறகு வேகத்தடை வந்தது. ஆனால் இரவோடு இரவாகப் போட்டவர்கள் வண்ணம் பூசாமல் போய்விட்டார்கள். மறுநாள் சாயங்காலம் இருட்டுவதற்குள், எதிர்வீட்டு அண்ணன் ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்தார். நான் டார்ச் பிடித்தேன். தெருப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தினார்கள். மழை அதைக் கழுவிவிடும் ஒவ்வொரு முறையும், அதிகாரபூர்வ வண்ணம் வரும்வரை, மறுபடி பூசிக்கொண்டே இருந்தோம்.